லினக்ஸ்ல டாக்கர் போடுறது எப்படி: ஒவ்வொரு வரியும் என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சே போடுங்க

போன மாசம் எங்க சித்தி பையன் ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணான். "அண்ணே, டாக்கர் இன்ஸ்டால் பண்ணிட்டேன், ஆனா டாக்கர்னு அடிச்சா அப்படி ஒரு கமாண்டே இல்லைங்குதுண்ணே." என்னடா அடிச்சேன்னு கேட்டா, சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டாக்கர்னு அடிச்சிருக்கான். யாரா இருந்தாலும் முதல்ல அப்படித்தான் அடிப்பாங்க, அவன் மேல தப்பே இல்ல. டெபியன், உபுண்டு பக்கம் டாக்கர்ங்கிற பேர்ல ரொம்ப காலமாவே வேற ஒரு பேக்கேஜ் இருந்துச்சு, ஸ்கிரீன் ஓரத்துல சின்ன சின்ன ஐகானை உட்கார வைக்கிற ஒரு குட்டி புரோகிராம், அதுக்கும், புரோகிராமை கன்டெய்னர்ங்கிற தனி தடுப்புக்குள்ள ஓட்டுற நம்ம டாக்கருக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. நம்ம டாக்கர் பின்னாடி வந்ததால டெபியன், உபுண்டு ஆளுங்க அதுக்கு டாக்கர் டாட் ஐஓன்னு பேர் வச்சுட்டாங்க.

அன்னிக்கு ராத்திரி ஒன்றரை மணி நேரம் போன்லயே ஒவ்வொரு வரியா சொல்லி போட வச்சேன். அப்ப சொன்னதைத்தான் இங்க எழுதுறேன், கமாண்டையும் போன்ல சொல்ற மாதிரியே எழுதுறேன், நீங்க டெர்மினல்ல இங்கிலீஷ்ல அடிச்சுக்கோங்க. மைனஸ்னு சொன்னா நடுக்கோடு, எல்லாமே சின்ன எழுத்து, பெரிய எழுத்து வர்ற இடத்துல தனியா சொல்றேன். நீளமான வரிகளை டாக்கரோட சொந்த டாக்குமென்டேஷன்ல உபுண்டு பக்கத்துல இருந்து காப்பி பண்ணிக்கலாம், ஆனா எதுக்கு அந்த வரின்னு தெரியாம மட்டும் பேஸ்ட் பண்ணாதீங்க, ஏன்னா இதுல பாதி வரி சூடோ போட்டு ரூட் பவர்ல, அதாவது மெஷின்ல எதையும் மாத்தக்கூடிய முழு அதிகாரத்தோட ஓடுறது.

முதல்ல கன்டெய்னர்னா என்னன்னு ஒரு நிமிஷம். நிறைய பேர் இதை விர்ச்சுவல் மெஷின் மாதிரின்னு நினைச்சுக்கிறாங்க, அது இல்ல. விர்ச்சுவல் மெஷின்னா கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு முழு கம்ப்யூட்டர் மாதிரி, அதுக்குள்ள தனி கெர்னல் (சிஸ்டத்தோட மையப் பகுதி) ஓடும், கன்டெய்னருக்குள்ள ஓடுறது உங்க லினக்ஸோட அதே கெர்னல்தான், ஒரு புரோகிராமை தடுப்பு கட்டி தனியா உட்கார வச்சு, உனக்கு இவ்வளவுதான் மெமரி, உனக்கு இந்த ஃபைல் மட்டும்தான் தெரியும்னு கெர்னல் சொல்லி வச்சிருக்கு, அவ்வளவுதான். அந்த தடுப்பு கட்டுற வேலையை செய்யறது நேம்ஸ்பேஸ், சிகுரூப்னு கெர்னல்லயே இருக்கிற ரெண்டு வசதி, சிகுரூப் 2008லயே 2.6.24 கெர்னல்ல வந்துடுச்சு. 2013 மார்ச்ல டாக்கரை உருவாக்கின சாலமன் ஹைக்ஸ் பைகான்ங்கிற பைத்தான் மாநாட்டுல அஞ்சு நிமிஷ பேச்சுல டாக்கரை காட்டினப்ப புதுசா இருந்தது அந்த வசதி இல்ல, அதை ஒரே கமாண்ட்ல யார் வேணா ஓட்டலாம்ங்கிறதுதான். அதனாலதான் நாலு ஜிபி ராம் இருக்கிற பழைய லேப்டாப்லயும் நாலஞ்சு கன்டெய்னர் சாதாரணமா ஓடுது.

சரி, வேலைக்கு வருவோம். போடுறதுக்கு மூணு வழி இருக்கு. ஒண்ணு உபுண்டுவோட டாக்கர் டாட் ஐஓ பேக்கேஜ், ரெண்டு ஸ்னாப்ங்கிற உபுண்டுவோட இன்னொரு பேக்கேஜ் முறை, மூணு டாக்கரே நடத்துற ரெப்பாசிட்டரி, அதாவது பேக்கேஜ் எல்லாம் வச்சிருக்கிற சர்வர். நான் எப்பவும் மூணாவதுதான் போடுவேன், புது வெர்ஷன் சீக்கிரம் வரும், பல கன்டெய்னரை ஒரே ஃபைல்ல எழுதி சேத்து ஓட்டுற காம்போஸும் கூடவே வரும், சிக்கல் வந்தா தேடுறப்ப கிடைக்கிற பதில் பெரும்பாலும் இந்த இன்ஸ்டால்க்குத்தான் பொருந்தும். டாக்கர் டாட் ஐஓ போட்டா தப்பில்ல, கத்துக்க மட்டும்னா அது தாராளமா போதும். ஸ்னாப்பை நான் சிபாரிசு பண்ண மாட்டேன், ஸ்னாப்புக்கு இருக்கிற கட்டுப்பாட்டால உங்க ஹோம் ஃபோல்டருக்கு வெளியில இருக்கிற ஃபைலை கன்டெய்னருக்குள்ள காட்டப் போனா மாட்டிக்கும், ஏன் மாட்டுதுன்னே புரியாது. உபுண்டு சர்வர் இன்ஸ்டால் பண்றப்ப ஒரு லிஸ்ட் காட்டி டாக்கர் வேணுமான்னு கேக்கும் பாருங்க, அங்க டிக் பண்ணா வர்றது இந்த ஸ்னாப்தான், அதனால ஸ்னாப் லிஸ்ட்னு அடிச்சு ஒருதடவை பாத்துட்டு, இருந்தா எடுத்துடுங்க. அப்புறம் டாக்கர் டெஸ்க்டாப்னு ஒண்ணு, அது லினக்ஸ்லயும் தனியா ஒரு விர்ச்சுவல் மெஷினை ஓட்டி அதுக்குள்ளதான் எல்லாத்தையும் வைக்கும், லினக்ஸ் வச்சிருக்கிறவங்களுக்கு அது தேவையே இல்லைங்கிறது என் அபிப்ராயம்.

பழசை எடுக்கிறது முதல் வேலை. சூடோ ஆப்ட் ரிமூவ் போட்டு டாக்கர் டாட் ஐஓ, டாக்கர் மைனஸ் டாக், டாக்கர் மைனஸ் காம்போஸ், டாக்கர் மைனஸ் காம்போஸ் மைனஸ் வி2, பாட்மேன் மைனஸ் டாக்கர், கன்டெய்னர்டி, ரன்சி இத்தனையும் வரிசையா குடுங்க. இதெல்லாம் உங்ககிட்ட இல்லைன்னு அது சொன்னா நல்லதுதான், மேல போங்க. ஏற்கனவே டாக்கர் ஓட்டிட்டு இருந்தவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், பேக்கேஜை எடுத்தா ஸ்லாஷ் வார் ஸ்லாஷ் லிப் ஸ்லாஷ் டாக்கர் ஃபோல்டர் போகாது, பழைய இமேஜ் (கன்டெய்னரை ஓட்ட வேண்டிய ஃபைல் கட்டு), பழைய டேட்டா எல்லாம் அங்கயே இருக்கும், இடம் அடைக்குதேன்னு அவசரப்பட்டு அதை அழிச்சிடாதீங்க.

அடுத்தது இந்த ரெண்டு வரி.

சூடோ ஆப்ட் அப்டேட்

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் சிஏ மைனஸ் சர்டிஃபிகேட்ஸ் கர்ல்

இதுக்கு அப்புறம் டாக்குமென்டேஷன்ல இருந்து காப்பி பண்ற பகுதி. முதல்ல ஈடிசி ஆப்ட் கீரிங்ஸ்னு ஒரு ஃபோல்டர் உருவாக்கும், அப்புறம் கர்ல் வச்சு டாக்கரோட சாவியை இழுத்து அதுக்குள்ள டாக்கர் டாட் ஏஎஸ்சின்னு வைக்கும், மூணாவது வரி அந்த சாவியை எல்லாரும் படிக்கிற மாதிரி பர்மிஷன் குடுக்கும். எதுக்கு இந்த சாவின்னா, கேஸ் சிலிண்டர் இறக்குறப்ப சீல் உடையாம இருக்கான்னு பாத்துத்தானே வாங்குவோம், அதே மாதிரி ஆப்ட் ஒவ்வொரு தடவையும் வர்ற பேக்கேஜ்ல டாக்கர் போட்ட சீல் சரியா இருக்கான்னு இந்த சாவியை வச்சு பாக்கும். சீல் சரியில்லைன்னா இறக்காது. அந்த மூணாவது வரியை விட்டுட்டா ஆப்ட் சாவியைப் படிக்க முடியாம பப்ளிக் கீ இல்லைன்னு எரர் காட்டலாம், அப்ப திரும்ப வந்து அதைப் போடுங்க.

நாலாவது, ரெப்பாசிட்டரி எங்க இருக்குன்னு ஆப்ட்டுக்கு சொல்ற ஒரு ஃபைல் எழுதுறது. எங்க சித்தி பையன் ரெண்டாவது தடவை மாட்டினது இங்கதான். அவன் வச்சிருக்கிறது லினக்ஸ் மின்ட் 21.3. மின்ட் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் தனியா ஒரு பொண்ணு பேர் வைப்பாங்க, 21.3க்கு வர்ஜினியா. ஆனா அது அடியில உட்கார்ந்திருக்கிறது உபுண்டு 22.04, அதோட பேர் ஜாம்மி. இன்டர்நெட்ல சுத்திட்டு இருக்கிற பழைய வழிமுறைகள்ல எல்எஸ்பி ரிலீஸ்ங்கிற கமாண்டை வச்சு பேரை எடுப்பாங்க, அது மின்ட்ல வர்ஜினியான்னு குடுத்துடும், டாக்கர் சர்வர்ல வர்ஜினியான்னு ஒரு ஃபோல்டரே கிடையாது, உடனே 404ன்னு எரர், ரிலீஸ் ஃபைல் இல்லைன்னு ஒரு வரி. "அண்ணே, டாக்கர் சர்வர் டவுனா இருக்கு போல"ன்னு சொன்னான். சர்வர் நல்லாத்தான் இருந்துச்சு. ஈடிசி ஸ்லாஷ் ஆப்ட் ஸ்லாஷ் சோர்சஸ் டாட் லிஸ்ட் டாட் டிக்குள்ள டாக்கர்னு ஆரம்பிக்கிற ஃபைலை திறந்து, வர்ஜினியா இருந்த இடத்துல ஜாம்மின்னு மாத்த வச்சேன், திரும்ப அப்டேட் போட்டான், சரசரன்னு ஓடிடுச்சு. மின்ட் 22 வரிசைன்னா அடியில இருக்கிறது உபுண்டு 24.04, பேர் நோபிள். உங்க மெஷின் எதுன்னு தெரியலைன்னா கேட் போட்டு ஈடிசி ஸ்லாஷ் ஓஎஸ் மைனஸ் ரிலீஸ் ஃபைலைப் பாருங்க, அதுல உபுண்டு கோட்நேம்னு ஒரு வரி இருக்கும், அதுதான் நமக்கு வேணும். இப்ப டாக்கரோட சொந்த டாக்குமென்டேஷன்ல இருக்கிற வரி அந்த உபுண்டு கோட்நேமைத்தான் எடுக்குது, அதனால அங்க இருந்து காப்பி பண்ணா இந்த தொல்லை வராது.

இன்னொருதடவை ஆப்ட் அப்டேட் போட்டுட்டு, சூடோ ஆப்ட் இன்ஸ்டால் போட்டு அஞ்சு பேக்கேஜ்: டாக்கர் மைனஸ் சிஇ, டாக்கர் மைனஸ் சிஇ மைனஸ் சிஎல்ஐ, கன்டெய்னர்டி டாட் ஐஓ, டாக்கர் மைனஸ் பில்டெக்ஸ் மைனஸ் பிளகின், டாக்கர் மைனஸ் காம்போஸ் மைனஸ் பிளகின். முதலாவது பின்னாடி உட்கார்ந்து வேலை பாக்குற சர்வீஸ், ரெண்டாவது நாம அடிக்கிற டாக்கர் கமாண்ட், மூணாவதுதான் கன்டெய்னரை நிஜமா தூக்கி நிறுத்துறது, நாலாவது இமேஜ் கட்ட, அஞ்சாவது காம்போஸ். உபுண்டுல இன்ஸ்டால் ஆன உடனே சர்வீஸ் தானா ஸ்டார்ட் ஆகிடும், ரீபூட் பண்ணாலும் தானா வரும்.

சூடோ டாக்கர் ரன் ஹலோ மைனஸ் வேர்ல்டு

இதை அடிச்ச உடனே இந்த இமேஜ் லோக்கல்ல இல்லைன்னு முதல் வரி வரும், அதைப் பாத்து பயந்துடாதீங்க, உங்ககிட்ட இல்ல அதனால டாக்கர் ஹப்ல, அதாவது இமேஜ் எல்லாம் வச்சிருக்கிற பொது சர்வர்ல இருந்து எடுக்கிறேன்னுதான் அது சொல்லுது. கொஞ்சம் கீழ ஹலோ ஃப்ரம் டாக்கர்னு வந்தா இன்ஸ்டால் சரியா ஆகிடுச்சு. ரிக்வெஸ்ட் அதிகமாகிடுச்சுன்னு எரர் வந்தா, லாகின் பண்ணாம இழுக்கிறதுக்கு டாக்கர் ஹப்ல ஒரு வரம்பு இருக்கு, அது ஐபி கணக்குல, ஹாஸ்டல் வைஃபைல எல்லாரும் ஒரே ஐபி வழியா வெளிய போறதால சீக்கிரம் தீர்ந்துடும், ஃப்ரீ அக்கவுன்ட் ஒண்ணு போட்டு டாக்கர் லாகின் பண்ணிக்கோங்க. இன்னொண்ணு ஆசைக்கு ஓட்டிப் பாருங்க: சூடோ டாக்கர் ரன், மைனஸ் மைனஸ் ஆர்எம், ஆல்பைன், யூநேம் மைனஸ் ஆர். அப்புறம் வெளியில வெறும் யூநேம் மைனஸ் ஆர். ரெண்டுலயும் ஒரே கெர்னல் நம்பர் வரும், மேல சொன்னேன்ல, அதே கெர்னல்தான்னு, அதை கண்ணால பாத்துக்கலாம்.

இப்ப சூடோ இல்லாம ஓட்டுறது பத்தி. எல்லாரும் சூடோ யூசர்மாட் மைனஸ் ஏஜி டாக்கர், அப்புறம் உங்க யூசர் பேர்னு ஒரு வரி குடுப்பாங்க. அதுல ஏ சின்னது, ஜி பெருசு. அந்த சின்ன ஏவை விட்டுட்டீங்கன்னா டாக்கர் குரூப்ல மட்டும் வச்சுட்டு நீங்க கூடுதலா இருக்கிற மத்த எல்லா குரூப்ல இருந்தும் உங்களை தூக்கிடும், சூடோ குரூப்பும் போயிடும், அப்புறம் ரெக்கவரி மோடுக்கு போய்த்தான் சரி பண்ணணும், அதனால என்டர் தட்டுறதுக்கு முன்னாடி அந்த ஒரு எழுத்தைப் பாருங்க. போட்டதும் லாக் அவுட் பண்ணி திரும்ப உள்ள வரணும், அப்பதான் புது குரூப் பிடிக்கும். ஆனா அதை விட முக்கியமா புரிஞ்சுக்க வேண்டியது, டாக்கர் குரூப்ல இருக்கிற ஆள் பாஸ்வேர்டே இல்லாம ரூட்டா ஆகிடலாம். உங்க மொத்த டிஸ்க்கையும் ஒரு கன்டெய்னருக்குள்ள மவுன்ட் பண்ணி எந்த ஃபைலையும் மாத்தலாம், யாரும் கேக்க முடியாது. சொந்த லேப்டாப்ல நீங்க மட்டும்னா பரவாயில்ல. காலேஜ் லேப்ல, ஆபீஸ்ல பல பேர் லாகின் பண்ற சர்வர்ல கேட்டவங்களை எல்லாம் டாக்கர் குரூப்ல சேக்காதீங்க, சேத்தா எல்லாருக்கும் வீட்டு சாவிக்கொத்தையே குடுத்த கணக்கு. அந்த மாதிரி இடத்துக்கு, டாக்கர் மாதிரியே கன்டெய்னர் ஓட்டுற, ரூட் இல்லாம ஓடுற பாட்மேன் நல்லது, ரெட்ஹாட் பக்கம் 2019ல வந்த ஆர்எச்இஎல் 8லயே டாக்கரை விட்டுட்டு பாட்மேனுக்கு போயிட்டாங்க, கமாண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான்.

போர்ட் விஷயத்துல நிறைய பேர் ஏமாறுற ஒரு இடம் இருக்கு. என்ஜின்எக்ஸ்ங்கிற வெப் சர்வரை ஓட்டணும்னா மைனஸ் பி போட்டு 8080 கோலன் 80ன்னு குடுப்போம், பிரவுசர்ல லோக்கல்ஹோஸ்ட் 8080 திறந்தா வெல்கம் பக்கம் வரும், சந்தோஷம். ஆனா அப்படி குடுத்தா உங்க மெஷினோட எல்லா ஐபிலயும் அது திறந்திடும். யூஎஃப்டபிள்யூங்கிற உபுண்டு ஃபயர்வால்ல அந்த போர்ட்டை மூடிட்டேனேன்னு நினைப்பீங்க, டாக்கர் தன்னோட ஐபிடேபிள்ஸ் ரூலை (கெர்னல்ல நெட்வொர்க் பாக்கெட் எங்க போகணும்னு சொல்ற விதி) தானே எழுதிக்கும், அதுல வர்ற பாக்கெட் யூஎஃப்டபிள்யூ காவலுக்கு நிக்கிற இடத்துக்கே போகாம வேற பாதையில போயிடும். வீட்டுல ரவுட்டருக்குப் பின்னாடி இருந்தா பெரிய ஆபத்தில்ல, ஆனா வாடகைக்கு எடுத்த சர்வர்ல டேட்டாபேஸை இப்படித் திறந்து வச்சா ஊரே உள்ள வரலாம். அதனால பழக்கமாவே 127.0.0.1 கோலன் 8080 கோலன் 80ன்னு ஐபியையும் சேத்து எழுதுங்க, அந்த மெஷினுக்குள்ள இருந்து மட்டும்தான் போகும்.

இன்ஸ்டால் ஆன அன்னைக்கே செய்ய வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு, லாக். எதுவும் சொல்லாம விட்டா டாக்கர் கன்டெய்னர் கக்குற லாகை எல்லாம் ஒரே ஃபைல்ல அளவே இல்லாம சேத்துட்டே போகும், ஆறு மாசம் கழிச்சு டிஸ்க் ஃபுல். ஈடிசி டாக்கர் ஃபோல்டர்ல டீமன் டாட் ஜேசன்னு ஒரு ஃபைல் உருவாக்கி, அதுல லாக் மைனஸ் டிரைவர்ங்கிற கீக்கு லோக்கல்னு மதிப்பு குடுங்க, அந்த டிரைவர் தானாவே 20 எம்பி ஃபைலா அஞ்சு மட்டும் வச்சுக்கிட்டு பழசை தள்ளிடும். ஜேசன்ல ஒரு கமா தப்பினாலும் டாக்கர் எழுந்திரிக்காது, அதனால சூடோ டாக்கர்டி மைனஸ் மைனஸ் வேலிடேட்னு போட்டு பாத்துட்டு அப்புறம் ரீஸ்டார்ட் பண்ணுங்க. ஏற்கனவே உருவாக்கின கன்டெய்னருக்கு இது பொருந்தாது, அதான் முதல் நாளே செய்யச் சொல்றேன். அதே ஃபைல்ல இன்னொரு மருந்தும் இருக்கு: டாக்கர் போட்டதுல இருந்து ஆபீஸ் சர்வர் ஒண்ணு மட்டும் திறக்க மாட்டேங்குதுன்னா, ஐபி ரூட்னு அடிச்சுப் பாருங்க, டாக்கர் தனக்குன்னு 172.17 வரிசையை எடுத்துக்கும், உங்க ஆபீஸும் அதே வரிசைன்னா மோதிக்கும். பிஐபிங்கிற கீல யாரும் உபயோகிக்காத வேற வரிசை ஒண்ணு குடுத்தா சரியாகிடும்.

காம்போஸ் பத்தி ரெண்டே வார்த்தை. பழைய பாடங்கள்ல டாக்கருக்கும் காம்போஸுக்கும் நடுவுல கோடு இருக்கும், அது பைத்தான்ல எழுதின பழைய வெர்ஷன், 2023 ஜூலையோட அதுக்கு சப்போர்ட் முடிஞ்சுது. இப்ப நடுவுல ஸ்பேஸ் விட்டு அடிக்கணும்.

கடைசியா டேட்டா, இதை மட்டும் நிதானமா படிங்க. ரெண்டு வருஷம் முன்னாடி எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரோட மரக்கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக் குடுத்தேன், போஸ்ட்கிரஸ்ங்கிற டேட்டாபேஸ் டாக்கர்ல, வால்யூம் (கன்டெய்னருக்கு வெளிய டேட்டாவை வைக்கிற இடம்) பேர் எதுவும் குடுக்கல. குடுக்கலைன்னா டேட்டா எங்க போகும்னா, போஸ்ட்கிரஸ் இமேஜ் தானாவே ஒரு பேரில்லாத வால்யூமை உருவாக்கி அதுல எழுதும், டாக்கர் வால்யூம் எல்எஸ் போட்டா 64 எழுத்துல ஏதோ கிறுக்கின மாதிரி ஒரு பேர் தெரியும், அதான். ஒரு நாள் கன்டெய்னரை எடுத்துட்டு புதுசா ஒண்ணு ஓட்டினேன், புதுசுக்கு புது வால்யூம், டேட்டாபேஸ் காலியா நின்னுச்சு. அந்த நேரத்துலயும் ஒண்ணும் கெட்டுப் போகல, பழைய டேட்டா அந்த 64 எழுத்து வால்யூம்ல பத்திரமா இருந்துச்சு. எனக்கு அது தெரியல. டிஸ்க்ல இடம் இல்லைன்னு எங்கயோ படிச்ச, உபயோகத்துல இல்லாததை எல்லாம் அழிக்கிற சிஸ்டம் ப்ரூன் கமாண்டை மைனஸ் மைனஸ் வால்யூம்ஸோட சேத்து அடிச்சேன், ஒய்யான்னு கேட்டுச்சு, ஒய்னு தட்டினேன். 47 நாள் பில் போயிடுச்சு. கடைக்காரர் பில் புக்கோட மஞ்சள் கார்பன் காப்பியை எல்லாம் கட்டா எடுத்துட்டு வந்து, தேக்கு இத்தனை அடி, வேங்கை இத்தனை அடின்னு அவர் படிக்க படிக்க ரெண்டு ராத்திரி உட்கார்ந்து திரும்ப ஏத்தினோம். அவர் ஒரு வார்த்தை திட்டல, அதுதான் இன்னும் மனசுல நிக்குது.

அதனால போஸ்ட்கிரஸ் ஓட்டுறப்ப இப்படி ஓட்டுங்க: டாக்கர் ரன் மைனஸ் டி, மைனஸ் மைனஸ் நேம் கடைடிபி மாதிரி இங்கிலீஷ்ல ஒரு பேர், மைனஸ் மைனஸ் ரீஸ்டார்ட் அன்லெஸ் மைனஸ் ஸ்டாப்டு, மைனஸ் இ போட்டு போஸ்ட்கிரஸ் அண்டர்ஸ்கோர் பாஸ்வேர்டு, அது முழுக்க பெரிய எழுத்து, மைனஸ் வி போட்டு கடைடேட்டான்னு நீங்களே வைக்கிற பேர் கோலன் ஸ்லாஷ் வார் ஸ்லாஷ் லிப் ஸ்லாஷ் போஸ்ட்கிரஸ்க்யூஎல் ஸ்லாஷ் டேட்டா, கடைசில போஸ்ட்கிரஸ் கோலன் 16. ரீஸ்டார்ட் வரி இருந்தா கரண்ட் போய் வந்தா கன்டெய்னர் தானா எழுந்துக்கும், நம்ம ஊர்ல அது கண்டிப்பா வேணும். 16ன்னு நம்பர் போடாம லேட்டஸ்ட்னு விட்டா ஒரு நாள் 17, 18ன்னு புதுசு வந்து உட்காரும், பழைய வெர்ஷன் எழுதின டேட்டாவை புது மேஜர் வெர்ஷனால அப்படியே திறக்க முடியாது, 18ல டேட்டா ஃபோல்டர் இருக்கிற இடமே மாறிடுச்சு. இடம் வேணும்னா டாக்கர் சிஸ்டம் டிஎஃப் போட்டு எது அடைக்குதுன்னு முதல்ல பாருங்க, பெரும்பாலும் பழைய இமேஜ்தான் இருக்கும், டாக்கர் இமேஜ் ப்ரூன் மட்டும் போடுங்க, வால்யூம் பக்கமே போகாதீங்க.

பேர் வச்ச வால்யூமும் பேக்கப் ஆகாது, அதையும் சொல்லிடறேன். தினம் ராத்திரி கிரான்ல (குறிச்ச நேரத்துல கமாண்டை தானா ஓட்டுற வசதி) டாக்கர் எக்ஸெக் வழியா பிஜி டம்ப்ங்கிற போஸ்ட்கிரஸ் பேக்கப் கமாண்டை ஓட்டி ஒரு ஃபைலா எடுத்து வேற டிஸ்க்ல போடுங்க. மாசம் ஒருதடவை அந்த ஃபைலை புதுசா ஒரு கன்டெய்னர்ல ஏத்தி, கடைசி பில் நம்பர் வருதான்னு பாருங்க. மரக்கடைக்கு இப்ப அது ஒண்ணாம் தேதி காலையில நடக்குது, பில் நம்பரை கடைக்காரர்கிட்ட போன்ல கேட்டு சரிபாத்துக்கிறேன்.